96 டியர்ஸ்: அது வாக்ஸ், ஃபார்ஃபிசா இல்லை!

முள்ளும் தட்டும்:
நேற்று முகநூலில் ஒரு பதிவு கண்ணில் பட்டது. தலைப்பு: "அறுபதுகளின் அறியப்படாத ராக் குழுக்கள்". அதில் க்வெஸ்சன் மார்க் அண்ட் த மிஸ்டீரியன்ஸ் குழுவின் "96 டியர்ஸ்" பற்றி ஒரே வரி: "ஃபார்ஃபிசா ஆர்கனுக்குக் கிடைத்த மகுடம்." படித்த பிறகு சோறு இறங்கவில்லை. இரண்டும் அந்தக் காலத்து மின் ஆர்கன்கள்தான், ஃபார்ஃபிசா இத்தாலி, வாக்ஸ் இங்கிலாந்து. ஆனால் இந்தப் பாட்டில் வருவது வாக்ஸ் கான்டினென்டல். முப்பது வருடமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதியவர் நம் குழுவிலேயேதான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், ஈரோட்டுக்காரர்.

ஈரோடு இசைப்பித்தன்:
பெயரை மறைத்து ஊரைச் சொன்ன பெருந்தன்மைக்கு நன்றி அண்ணே. நான்தான் எழுதினேன், மாற்றப் போவதில்லை. பாட்டு ஆரம்பித்ததும் ஆர்கன் குத்திக் குத்தி வருகிறதே, ஜலதோஷம் பிடித்தவன் மூக்கால் பேசுகிற மாதிரி, அது இத்தாலிச் சரக்கு. 1965-இல் சாம் த ஷாம் குழு போட்ட "ஊலி புலி"யைக் கேட்டுவிட்டு உடனே இதைக் கேளுங்கள். அக்காவும் தங்கையும் மாதிரி இருக்கும். ஃபார்ஃபிசாதான்.

சின்னத்தம்பி 45:
ஒரு சந்தேகம். 1966 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டு வரிசையில் முதல் இடத்துக்கு வந்த பாட்டு இது. அப்படியானால் "அறியப்படாத குழு" என்று எப்படிச் சொல்வது? எதை அறியப்படாதது என்கிறோம் என்று முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

முள்ளும் தட்டும்:
தம்பி, அது அப்புறம். இப்போது ஆர்கன்.

இசைப்பித்தரே, "ஊலி புலி" ஃபார்ஃபிசா, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், இது அது இல்லை. வாக்ஸில் ஒலியின் நிறத்தை மாற்ற இழுப்பான்கள் உண்டு. உருண்டையான புல்லாங்குழல் சத்தத்துக்கு ஒன்று, கீச்சுக்குரலுக்கு ஒன்று. கீச்சை முழுக்க இழுத்துவிட்டால் நீங்கள் சொல்கிற மூக்குச் சத்தம் தானாக வரும். ஃபார்ஃபிசாவில் இழுப்பான் கிடையாது, வரிசையாகத் தட்டும் பொத்தான்கள். கூடவே முழங்காலால் தள்ளுகிற ஒரு நெம்புகோல். தள்ளினால் ஒலி வாயைத் திறந்து மூடும். "96 டியர்ஸ்" முழுக்கத் தேடிப் பாருங்கள், ஒரு இடத்திலாவது வாய் திறக்கிறதா? இல்லை. முதல் நொடி எப்படியோ கடைசி நொடியும் அப்படியே. வாக்ஸ்.

ஈரோடு இசைப்பித்தன்:
முழங்காலைப் பயன்படுத்தவில்லை என்றால் ஃபார்ஃபிசா இல்லையா? என் வீட்டு மிக்ஸியில் மூன்றாவது வேகத்தை நான் தொட்டதே இல்லை. அதனால் அது மிக்ஸி இல்லையா? வாசித்த ஃபிராங்க் ராட்ரிகஸ் அப்போது பள்ளிக்கூடப் பையன். அவன் எங்கே முழங்காலைப் பற்றிக் கவலைப்பட்டான்?

ராயப்பேட்டை ரசிகை:
தூக்கிக்கொண்டு போகிற சின்ன மின் ஆர்கன் என்பதால் நம் சினிமா ஆட்கள் இரண்டையுமே "காம்போ ஆர்கன்" என்றுதான் சொல்வார்கள். இசையமைப்பாளர் ஆவதற்கு முன்னால் இளையராஜாவே ஜி.கே.வெங்கடேஷ் குழுவில் காம்போ ஆர்கன் வாசித்தவர். என்ன கம்பெனி என்று கேட்டா ரசித்தோம்? இந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது மிரட்டல்தான். இப்போது அழுகிறேன், ஒரு நாள் நீ அழுவாய் என்று சிரித்துக்கொண்டே சொல்கிற மாதிரி ஒரு குரல். அதைப் பற்றி யாரும் பேசவே மாட்டீர்களா?

முள்ளும் தட்டும்:
அம்மா, ராஜாவை இதற்குள் இழுக்காதீர்கள், பிறகு நானூறு பதில் வரும். ஆனால் எந்த ஆர்கன் என்பது முக்கியம். வீணையைப் பார்த்து சிதார் என்றால் சும்மா இருப்பீர்களா?

ஒற்றெழுத்து:
"ஃபார்ஃபிசா" என்று எழுதுவதே தவறு. ஆய்தம் எழுத்துக்கு எழுத்து தூவுகிற உப்பு இல்லை. "பார்பிசா" போதும்.

ஈரோடு இசைப்பித்தன்:
பார்பிசா என்றால் முடிதிருத்தும் கடை மாதிரி இருக்கிறது ஐயா.

ஒற்றெழுத்து:
உங்கள் காது அப்படி. அதை வைத்துத்தான் இவ்வளவு நேரம் ஆர்கனை அடையாளம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

முள்ளும் தட்டும்:
ஒற்றெழுத்து ஐயா வாழ்க. ஆனால் "வாக்ஸ்" என்று எழுதினால் எந்தச் சிக்கலும் இல்லை என்பதையும் கவனிக்கவும்.

இன்னொன்று. இசைப்பித்தரே, எந்தப் பதிவைக் கேட்டுவிட்டு எழுதினீர்கள்?

ஈரோடு இசைப்பித்தன்:
என்னிடம் சிடி இருக்கிறது. 1999-இல் வாங்கியது. தெள்ளத் தெளிவான ஒலி.

முள்ளும் தட்டும்:
தெளிவாகத்தான் இருக்கும். நண்பர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். மூலப் பதிவு கேமியோ பார்க்வே என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் சொத்து. அது பிறகு ஆலன் க்ளைன் என்ற இசை வணிகர் கைக்குப் போனது. அவர் அதைப் பல வருடம் சிடியாக வெளியிடாமல் பூட்டி வைத்திருந்தார். ஒழுங்கான சிடி 2005-இல்தான் வந்தது. பொறுத்துப் பார்த்த குழுவினர் 1997-இல் எல்லாப் பாட்டையும் புதிதாக வாசித்து வெளியிட்டார்கள். ஆக, 1999-இல் ஈரோட்டில் வாங்கிய சிடி எது? 31 வருடம் கழித்து வாசித்ததைக் கேட்டுவிட்டு 1966-க்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார். பேரன் கல்யாணப் பத்திரிகையை வைத்துத் தாத்தாவுக்கு முகூர்த்தம் பார்ப்பது இதுதான்.

சின்னத்தம்பி 45:
😂 அண்ணன் செம.

ஈரோடு இசைப்பித்தன்:
சிரியுங்கள். வாசித்தது அதே ஆட்கள்தானே? தவிர, மூலப் பதிவை நான் கேட்டதே இல்லை என்று யார் சொன்னது? யூடியூப் எதற்கு இருக்கிறது? அதிலும் ஃபார்ஃபிசாதான் கேட்கிறது.

முள்ளும் தட்டும்:
யூடியூப்! போனின் ஒலிபெருக்கியில் கேட்டால் நாதஸ்வரமும் ஃபார்ஃபிசா மாதிரிதான் இருக்கும்.

என்னிடம் இந்தப் பாட்டின் 1966 தட்டே, கேமியோ 428, இருக்கிறது. ஏழு அங்குலத் தட்டு, மோனோ. மூர் மார்க்கெட் எரிவதற்கு இரண்டு வருடம் முன்பு, பழைய புத்தகக் கடைக்குப் பின்னால் சாக்கில் கொட்டி வைத்திருந்ததில் பொறுக்கியது. உறை கிடையாது, மேலே ஒரு தேநீர்க் கறை. வீட்டில் தேய்த்துக் கழுவி முள்ளை வைத்த அந்தச் சாயங்காலம் இன்னும் நினைவில் இருக்கிறது. பழைய கடலை வறுக்கிற மாதிரி ஒரு படபடப்பு, அதற்கு நடுவே ஆர்கன் வந்தது. மெல்லிசு, காற்று கலந்த சத்தம். ஃபார்ஃபிசாவுக்கு அந்த மூச்சு கிடையாது. 1964-இல் அனிமல்ஸ் குழுவில் ஆலன் பிரைஸ் வாசித்தாரே, "ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்", அந்த மூச்சு. அது வாக்ஸ், இதுவும் வாக்ஸ்.

ஈரோடு இசைப்பித்தன்:
கேமியோ தட்டை வைத்துக்கொண்டு இவ்வளவு பெருமையா? அது இரண்டாவது வெளியீடு. முதலில் மிச்சிகனில் பா-கோ-கோ என்ற சின்ன லேபிளில் வந்தது. அங்கே உள்ளூர் வானொலிகள் போட்டுத் தேய்த்த பிறகுதான் கேமியோ வாங்கியது. பா-கோ-கோ தட்டு இருந்தால் பேசுங்கள்.

முள்ளும் தட்டும்:
உங்களிடம் இருக்கிறதா?

ஈரோடு இசைப்பித்தன்:
அது இங்கே கேள்வி இல்லை.

ராயப்பேட்டை ரசிகை:
யாரிடமும் இல்லை என்று புரிகிறது.

சின்னத்தம்பி 45:
பாட்டின் பெயர் முதலில் "69 டியர்ஸ்", வானொலியில் போட மாட்டார்கள் என்று திருப்பிப் போட்டார்கள் என்று படித்தேன். உண்மையா? அவர்கள் மெக்சிகோ வழிவந்த குடும்பத்துப் பிள்ளைகள், அந்தக் காலத்தில் அவர்கள் முதல் இடத்துக்கு வந்ததே பெரிய விஷயம். அதையும் பேசலாமே.

முள்ளும் தட்டும்:
பேசலாம் தம்பி, தனி இழை தொடங்கு. இங்கே ஆர்கன். அறுபதுகளின் ராக் பாட்டுகளை லெனி கே 1972-இல் தொகுத்த "நக்கெட்ஸ்" தொகுப்பில் 27 பாட்டு இருந்தும் இதற்கு இடம் இல்லை. ஸ்டாண்டல்ஸ், கவுன்ட் ஃபைவ் குழுக்கள் எல்லாம் உள்ளே. அந்த வயிற்றெரிச்சலே எனக்கு இன்னும் தீரவில்லை. அதற்குமேல் இப்போது ஃபார்ஃபிசா.

ஈரோடு இசைப்பித்தன்:
வயிற்றெரிச்சல் பாட்டுக்காக இல்லை அண்ணே. 2011 சந்திப்பில் உங்கள் சர் டக்ளஸ் குவின்டெட் தட்டை நான் இரவல் வாங்கினேன். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் உங்களுக்குத் தப்புதான்.

முள்ளும் தட்டும்:
நீங்களே ஆரம்பித்தீர்கள், சரி. அந்தத் தட்டுதான், "ஷீஸ் அபவுட் எ மூவர்", 1965. அதுவும் வாக்ஸ்தான், அந்தக் குழுவின் ஆகி மேயர்ஸ் வாசித்தது. நான் கொடுத்தபோது தட்டு கண்ணாடி மாதிரி இருந்தது. எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது ஓரத்திலிருந்து நடு வரை ஒரு கீறல். முள் அதில் ஏறினால் ஒரே வரியைப் பத்து தடவை பாடும். வாக்ஸைக் கேட்டுப் பழக வேண்டும் என்றுதானே கொடுத்தேன்? கீறி அனுப்பினீர்கள், பாடம் மட்டும் ஏறவில்லை.

ஈரோடு இசைப்பித்தன்:
கீறல் முன்பே இருந்தது.

முள்ளும் தட்டும்:
முன்பே இருந்தது! கேட்டீர்களா எல்லாரும்? படம் எடுத்து வைத்திருக்கிறேன், நாளை ஏற்றுகிறேன்.

ஒற்றெழுத்து:
"குவின்டெட்" அல்ல, "ஐவர் குழு".

ராயப்பேட்டை ரசிகை:
நான் போய் பாட்டைக் கேட்கிறேன். அரீதா ஃபிராங்க்ளின் பாடியதை. ஆர்கன் சண்டைக்கு வழியில்லாத ஆள்.

ஈரோடு இசைப்பித்தன்:
நாளை கீறல் படத்தோடு அந்தத் தேநீர்க் கறைத் தட்டின் படத்தையும் போடுங்கள் அண்ணே. கறைக்கு அடியில் கேமியோ என்று எழுதியிருக்கிறதா என்று நாங்களும் பார்க்கிறோம். பதிவை மாற்றவில்லை. ஃபார்ஃபிசா.

முள்ளும் தட்டும்:
கறை விளிம்பில் இருக்கிறது, பெயர் மேல் இல்லை. வாக்ஸ். கீறலின் நீளத்தை அளவுகோல் வைத்தே படம் எடுத்திருக்கிறேன்.