முதல் உலகக் கிண்ணத்தை வென்றது நிலக்கரித் தொழிலாளர்களா?

ஈசூன் அப்பா:

மகன் வட்டாரக் காற்பந்துக் குழுவில் விளையாடுகிறான். சனிக்கிழமை பயிற்சி முடியும்வரை பெற்றோர்கள் நாங்கள் திடலுக்கு எதிரே உள்ள காப்பிக்கடையில் காத்திருப்போம். சென்ற வாரம் அங்கே ஒரு வாக்குவாதம். முதல் உலகக் கிண்ணம் 1930இல் உருகுவே வென்றது என்று நான் சொன்னேன். இன்னொரு பையனின் அப்பா விடவில்லை. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் ஒரு கிராமத்து அணி வென்றுவிட்டது, ஆட்டக்காரர்கள் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர்கள், இத்தாலியின் பெரிய அணியான யுவென்டஸுக்கே ஆறு கோல் போட்டார்கள் என்று அடித்துச் சொல்கிறார். அணியின் பெயர் வெஸ்ட் ஆக்லண்டாம். ஆக்லண்ட் நியூசிலாந்தில் அல்லவா இருக்கிறது என்று கேட்டேன். பக்கத்து மேசைக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

இது நடந்ததா, கதையா? காற்பந்து வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புள்ளிவிவரப் பித்தன்:

உருகுவேதான். உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா தொடங்கியது 1904. முதல் உலகக் கிண்ணப் போட்டி 1930, பதின்மூன்று நாடுகள். மற்றதெல்லாம் காப்பிக்கடைப் பேச்சு.

பழைய லைன்ஸ்மேன்:

மேலே தம்பி தீர்ப்பை எழுதிவிட்டார். தீர்ப்பு சரி. ஆனால் வழக்கைப் படிக்காமல் எழுதியிருக்கிறார்.

வெஸ்ட் ஆக்லண்ட் என்பது இங்கிலாந்தின் வடகிழக்கே டர்ஹம் மாவட்டத்தில் உள்ள சிறிய ஊர். அந்தப் பக்கம் முழுவதும் அன்று நிலக்கரிச் சுரங்கங்கள். 1893இல் தொடங்கிய குழு. சம்பளத்துக்கு ஆடுகிறவர் யாரும் இல்லை. வாரம் முழுவதும் பூமிக்கடியில் கரி வெட்டிவிட்டுச் சனிக்கிழமை மேலே வந்து பந்து உதைத்தவர்கள்.

1909இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் ஓர் அனைத்துலகப் போட்டி நடந்தது. கிண்ணத்தைக் கொடுத்தவர் சர் தாமஸ் லிப்டன். ஆம், தேயிலைப் பொட்டலத்தில் பார்க்கும் அதே பெயர்தான். இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றிலிருந்தும் அணிகள் வந்தன. இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் மட்டும் யாரையும் அனுப்ப மறுத்துவிட்டது. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள், எங்களுக்கு எதற்குப் போட்டி என்ற மிதப்பு அவர்களிடம் ரொம்ப நாள் இருந்தது. அந்தக் காலி இடத்தில் போய் நின்றதுதான் வெஸ்ட் ஆக்லண்ட்.

அவர்களுக்கு எப்படி அழைப்பு வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். அழைக்க நினைத்தது உல்விச் ஆர்சனல் அணியை, இரண்டு பெயருக்கும் ஆங்கில முதலெழுத்துகள் ஒன்றாக இருந்ததால் கடிதம் தவறான ஊருக்குப் போய்விட்டது என்று. எனக்கு நம்பிக்கை இல்லை. இவ்வளவு அழகாகப் பொருந்தும் கதையை யாரோ பின்னால் உட்கார்ந்து தைத்திருப்பார்கள்.

கதை எப்படியோ, ஆட்டம் உண்மை. ஈஸ்டர் விடுமுறையில் ரயிலும் கப்பலுமாக டூரினுக்குப் போனார்கள். முதல் ஆட்டத்தில் ஸ்டுட்கார்ட் அணியை 2-0, இறுதியில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் அணியை 2-0. 1911இல் கிண்ணத்தைத் தக்கவைக்க மறுபடி போனார்கள். அந்த இறுதி ஆட்டத்தில்தான் யுவென்டஸ் 6-1 என்று தோற்றது. இன்றைய யுவென்டஸை மனத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். அப்போது அதற்குப் பதின்மூன்று வயது, இத்தாலிய லீக் பட்டத்தை ஒரே முறை வென்றிருந்தது. ஆனாலும் ஆறு கோல் ஆறு கோல்தான்.

இதை உலகக் கிண்ணம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆடியவை குழுக்கள், நாடுகள் அல்ல. முதலாவது என்றும் சொல்ல முடியாது. அதே டூரினில் 1908இல் இப்படி ஒரு போட்டி நடந்து, ஜெனீவாவின் செர்வெட் அணி வென்றிருக்கிறது. லிப்டனுக்கும் அது முதல் கிண்ணம் இல்லை. 1905 முதலே அர்ஜென்டினாவும் உருகுவேயும் அவர் கொடுத்த வேறொரு கிண்ணத்துக்காக மோதிக்கொண்டிருந்தன.

உங்கள் காப்பிக்கடை நண்பர் ஆறு கோலைச் சொன்னார், சரி. அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னாரா? தொடர்ந்து இரண்டு முறை வென்றதால் கிண்ணம் அவர்களுக்கே சொந்தமானது. ஆனால் குழு கடனில் மூழ்கியிருந்தது. விற்க ஒரு சாமானும் இல்லை, கிண்ணத்தைத் தவிர. ஊரிலேயே இருந்த வீட்ஷீஃப் விடுதியின் உரிமையாளர் அம்மாளிடம் அதை வைத்து 40 பவுன் வாங்கினார்கள். யுவென்டஸைத் தோற்கடித்து வாங்கிய கிண்ணம் அடகுப் பொருளாகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் வார இறுதிகளில் ஃபேரர் பார்க் திடலில் கொடி பிடித்தவன் நான். நான் ஆடிய குழு கலைந்தபோது பந்துவலை ஒருவர் வீட்டுக்கு, சட்டைகள் இன்னொருவர் வீட்டுக்கு, கிண்ணங்கள் எங்களுக்குக் கடனில் தேநீர் கொடுத்த கடைக்காரரிடம். பால் டின்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் பல வருடம் இருந்தன. கடை கைமாறிய பிறகு எங்கே போயினவோ! அந்த நாற்பது பவுனுக்குக் கையெழுத்துப் போட்டவரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கொழுந்துக்காரி பேத்தி:

லைன்ஸ்மேன் ஐயா, லிப்டன் பெயரை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். நான் கொஞ்சம் நிற்கிறேன்.

என் பாட்டி இலங்கையில் அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். அந்த மலையில்தான் லிப்டனின் தம்பேத்தன்னத் தோட்டமும் இருக்கிறது. இலைநோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழிந்த பிறகு நிலம் மலிவாகக் கிடைத்த நேரம். 1890இல் நேரில் போய் வாங்கினார். அந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ள, ஆள்பிடிக்கும் கங்காணிகள் கூட்டிவந்தது திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துத் தமிழர்களை. வந்து சேரும்போதே வழிச்செலவு கடனாக அவர்கள் தலையில் ஏறியிருக்கும். லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் ஓர் அறையில் குடும்பம், காலையில் பேரட்டு என்ற ஆள்கணக்கு, மாலையில் கொழுந்து நிறுவை. இப்போது சுற்றுலாப் பயணிகள் 'லிப்டன் சீட்' என்ற மேட்டில் நின்று படம் எடுக்கிறார்கள். அவர் அங்கே உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்ப்பாராம்.

அந்தக் கிண்ணம் முழுக்கத் தேயிலைக் காசு என்று நான் சொல்ல மாட்டேன். லிப்டன் 1871இலேயே கிளாஸ்கோவில் மளிகைக் கடை திறந்தவர். பன்றி இறைச்சியும் வெண்ணெயும் விற்றே பணக்காரர் ஆனவர். ஆனால் உலகம் அவர் பெயரை அறிந்தது தேயிலையால். சுரங்கத் தொழிலாளிக்குச் சிலையாவது வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மலையில் இருந்த எங்கள் ஆட்களுக்கு 1948இல் கிடைத்தது குடியுரிமை பறிப்பு.

பழைய லைன்ஸ்மேன்:

அம்மா, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் குறைக்க வேண்டியதில்லை. சிலை உண்மைதான், 2013இல் ஊர்ப் புல்வெளியில் வைத்தார்கள்.

ஈசூன் அப்பா:

கோல் கணக்குக் கேட்க வந்தேன், அப்புத்தளை வரை போய்விட்டேன். அக்காவுக்கு நன்றி. ஐயா, கிண்ணத்தை மீட்டார்களா? குழு இன்னும் இருக்கிறதா?

பழைய லைன்ஸ்மேன்:

மீட்டார்கள், தம்பி. 1960இல் 100 பவுன் கொடுத்து. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அடகு. ஊரிலுள்ள தொழிலாளர் மன்றத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார்கள். 1994 ஜனவரியில் திருடன் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். கிடைக்கவில்லை. இப்போது இருப்பது அதே அச்சில் செய்த மாற்றுக் கிண்ணம்.

குழு இருக்கிறது. நார்தர்ன் லீக்கில் ஆடுகிறார்கள். 1889இல் தொடங்கிய லீக் அது. தொழில்முறை லீக்குகளுக்குப் பல படி கீழே. கிண்ணத்தை மீட்ட மறு வருடமே, 1961இல், சம்பளம் வாங்காமல் ஆடும் குழுக்களுக்கான அமெச்சூர் கிண்ண இறுதியாட்டத்துக்கு லண்டனின் வெம்பிளி அரங்கத்துக்குப் போய் வால்தம்ஸ்டோ அவென்யூ அணியிடம் 2-1 என்று தோற்றார்கள். சிறு குழுக்களுக்கான எஃப்ஏ வாஸ் இறுதிக்கு 2012இல் போனார்கள், டன்ஸ்டனிடம் 2-0 என்று தோல்வி. 2014இல் மறுபடி போனார்கள், ஷோலிங்கிடம் 1-0 என்று தோல்வி. டூரினில் ஒரு கிண்ணத்தை இரண்டு முறை வென்றவர்களுக்கு வெம்பிளி மட்டும் ஒத்துவரவே இல்லை.

அவர்களுடைய சங்கடம் இன்னொன்று: அடுத்த ஊர் பிஷப் ஆக்லண்ட். அமெச்சூர் கிண்ணத்தைப் பத்து முறை வென்ற குழு, அதில் 1955, 56, 57 தொடர்ச்சியாக. 1958இல் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் இறந்தபோது, ஆள் கொடுத்து உதவியதும் அவர்களே. நம் ஊரில் யுனைடெட் சட்டை போட்டுத் திரிகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பந்தயம் கட்டச் சொல்லாதீர்கள், நான் கட்ட மாட்டேன்.

புள்ளிவிவரப் பித்தன்:

வழக்கைப் படித்துவிட்டேன், ஐயா. தீர்ப்பை மாற்றவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வெஸ்ட் ஆக்லண்ட் தொடங்கி ஐந்தே வருடத்தில், 1898இல், சிங்கப்பூரில் ஃபத்துல் கரீப் என்ற காற்பந்துக் குழு தொடங்கியது. பிறகு பாலஸ்டியர் சென்ட்ரல் ஆகி, கிளமெண்டி கால்சாவுடன் இணைந்து, இன்று பாலஸ்டியர் கால்சா. 2014இல் சிங்கப்பூர்க் கிண்ணம் வென்றார்கள். காப்பிக்கடைக்காரர்களுக்கு டர்ஹம் சுரங்கம் தெரிகிறது; இது தெரிந்த ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.

பழைய லைன்ஸ்மேன்:

சந்தித்திருக்கிறீர்கள். இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். புது இழை ஒன்று தொடங்குங்கள், ஜாலான் புசார் அரங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1929இல் திறந்தது. அங்கே கொடி பிடித்த நாட்களைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.