ஸ்மார்ட் சிட்டி: எந்த வரையறையைப் பிடித்துக்கொண்டு எழுதுவது?

கேள்வி (வரைபடம்):
முதுகலை ஆய்வேட்டுக்காக இரண்டு மாதமாகப் படிக்கிறேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒரு கட்டுரையில் சென்சாரும் கட்டுப்பாட்டு அறையும்தான் ஸ்மார்ட் சிட்டி, இன்னொன்றில் மக்களும் நிர்வாகமும், புதிதாக வருகிறவற்றில் கார்பன் குறைப்பு. எதை அடிப்படையாக வைப்பது?

பதில் (தாழ்வாரம்):
குழப்பம் உங்களுடையது இல்லை, அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 2007-ல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் கிஃபிங்கரின் குழு 70 நடுத்தர ஐரோப்பிய நகரங்களை, எது எவ்வளவு ஸ்மார்ட் என்று தரவரிசைப்படுத்தியது. பொருளாதாரம், மக்கள், நிர்வாகம், போக்குவரத்து, சுற்றுச்சூழல், வாழ்க்கை என்று ஆறு தலைப்புகள் வைத்தார்கள், தொழில்நுட்பத்துக்குத் தனித் தலைப்பே கிடையாது! 2008-ல் சமூகவியலாளர் ராபர்ட் ஹாலண்ட்ஸ், நகரங்கள் தங்களுக்குத் தாங்களே இந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொள்கின்றன என்று விமர்சித்தார். அதே ஆண்டு நவம்பரில் கணினி நிறுவனமான ஐபிஎம், கருவிகளாலும் மென்பொருளாலும் உலகை மேம்படுத்தலாம் என்று 'ஸ்மார்ட்டர் பிளானட்' பிரசாரத்தைத் தொடங்கியது. அதற்கப்புறம் நடைமுறையில் இந்தச் சொல்லுக்குக் கருவி, மென்பொருள் என்ற பொருளே ஓங்கிவிட்டது. வரையறைகளை ஆண்டுவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் யார் சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்கள் என்று பாருங்கள்.

பதில் (மழைமானி):
நான் ஒரு நகராட்சியின் டேட்டா பிரிவில் வேலை பார்த்தவள். வடிகால்களில் நீர்மட்ட சென்சார் பொருத்தினார்கள், வாங்கப் பணம் இருந்தது, பராமரிக்க ஒதுக்கீடு இல்லை. பேட்டரி தீர்ந்தபின் திரை கடைசியாக வந்த அளவையே காட்டிக்கொண்டிருந்தது, வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை எங்கள் திரையிலிருந்து வரவில்லை, அந்தத் தெருவில் இருந்தவர்கள் போன் செய்துதான் வந்தது. அதனால், பழுதானால் யார் போய்ச் சரிசெய்வது என்பதற்குப் பதில் இல்லாத எந்த வரையறையையும் நான் ஏற்க மாட்டேன்.

பதில் (நாற்சந்தி):
மழைமானி சொல்வது சரி, ஆனால் பராமரிப்போடு முடிவதில்லை. கனடாவின் டொராண்டோ நகரில் ஏரிக்கரைப் பகுதி ஒன்றை ஸ்மார்ட்டாகக் கட்ட நினைத்த கீசைட் திட்டத்தைப் பாருங்கள். அப்போது கூகுளின் சகோதர நிறுவனமாக இருந்த சைட்வாக் லேப்ஸ் 2017 அக்டோபரில் அறிவித்தது, வெறும் 12 ஏக்கர்தான், பணத்துக்கோ திறமைக்கோ குறைவில்லை. பொது இடத்தில் திரட்டும் டேட்டா யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்து, ஆலோசகராக இருந்த தனியுரிமை நிபுணர் ஆன் கவூக்கியன் 2018-ல் விலகினார். 2020 மே மாதம் நிறுவனம் பொருளாதார நிலையைக் காரணம் காட்டிக் கைவிட்டது. அதுதான் காரணம் என்றாலும், மக்களின் நம்பிக்கையை அவர்கள் கடைசிவரை முழுதாகப் பெறவில்லை என்பது என் கருத்து. பார்சிலோனா 2016-ல் டெசிடிம் என்ற திறந்த மூல மென்பொருளை (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம்) கொண்டுவந்து, நகரத் திட்டத்துக்கு மக்களே யோசனை வைத்து விவாதிக்க வழிசெய்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் ஆய்வேட்டுக்கு ஒரு முழு அத்தியாயம் கிடைக்கும்.

வரைபடம்:
மூவருக்கும் நன்றி. ஒரே வரையறையைத் தேடுவதை விட்டுவிடுகிறேன். முடிவெடுப்பது யார், டேட்டா யாரிடம், பராமரிப்பது யார் என்ற மூன்று கேள்விகளை வைத்து இரண்டு நகரங்களையும் ஒப்பிடப் போகிறேன். மழைமானி, அந்த சென்சார்களை வாங்கிய ஒப்பந்தத்தில் பராமரிப்பு பற்றி ஒரு வரியாவது இருந்ததா?

மழைமானி:
ஓராண்டு உத்தரவாதம் மட்டும். சென்சார்கள் நின்றது இரண்டாம் ஆண்டில்.