டர்னர் முடித்ததும் சிஎன்சி கோர்ஸா, அப்ரண்டிஸா?

வெண்ணாற்றங்கரை:
தம்பி ஐடிஐயில் டர்னர் (லேத்தில் கடையும் தொழில்) இரண்டாம் வருடம் முடிக்கப் போகிறான். ஊர் மன்னார்குடி பக்கம். டூல் ரூமில் (டை, அச்சு செய்யும் பிரிவு) சேர வேண்டும் என்பது அவன் ஆசை. அப்பா மூன்று மாத சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்) கோர்ஸ் என்கிறார், மாமா அப்ரண்டிஸ் போகச் சொல்கிறார். எது முதலில்? டெல்டாவிலேயே இருந்து பிழைக்க வழி உண்டா?

குடந்தை லேத்:
மாமா சொல்வதுதான் சரி. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி ஸ்டைபண்டோடு பயிற்சி, ஐடிஐ முடித்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருடம். கடைசியில் தேர்வு எழுதித் தேறினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ். ஆதாரிலும் பத்தாவது மார்க் ஷீட்டிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். போர்ட்டலில் பதியும்போது நிறையப் பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

திருச்சி பெல் (பிஎச்இஎல்) டர்னர், மெஷினிஸ்ட் இரண்டிலும் அப்ரண்டிஸ் எடுக்கிறது. துவாக்குடி யூனிட்டுகளில் ஃபேப்ரிகேஷன், வெல்டிங் வேலைதான் அதிகம். டூல் ரூம்தான் வேண்டுமென்றால் கோயம்புத்தூர், ஓசூர், அம்பத்தூர் பக்கம் போகத்தான் வேண்டும்.

ஊரில் லேத் பட்டறை வேலைக்குப் பஞ்சமில்லை. ரைஸ் மில் ஷாஃப்ட், பம்ப் ஷாஃப்ட், அறுவடை மெஷின் புஷ் என்று வந்துகொண்டே இருக்கும். ரிப்பேர்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். 6308 பேரிங் உட்காரும் 40 மிமீ சீட்டுக்கு கே6 ஃபிட் (பேரிங் இறுக உட்கார ஷாஃப்டுக்கு வைக்கும் அளவு வரம்பு) என்றால் 40.002க்கும் 40.018க்கும் நடுவில் நிற்க வேண்டும். சிலர் எமரி தாள் போட்டுத் தேய்த்து 39.98 ஆக்கிவிட்டு, சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி இறுக்குகிறார்கள். அந்தப் புள்ளிகளின் முனை சீக்கிரமே மழுங்கி, உள் வளையம் ஷாஃப்டின் மேல் சுற்ற ஆரம்பித்துவிடும். வெல்டு வைத்து மறுபடி கடைவதுதான் முறை.

மைக்ரான்:
டூல் ரூம் ஆசைக்கு ஒரு சோதனை சொல்கிறேன். 2 மிமீ எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) தகட்டில் வெளிவிட்டம் 20, ஓட்டை 8 உள்ள வாஷர். பஞ்சும் (மேலிருந்து இறங்கி வெட்டுவது) டையும் (பஞ்ச் இறங்கும் ஓட்டையுள்ள கீழ்க்கட்டை) என்ன அளவு?

பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விடும் கிளியரன்ஸ் ஒரு பக்கத்துக்குத் தகட்டுத் தடிமனில் சுமார் 5 சதவீதம், அதாவது 0.1. பிளாங்கிங்கில் (வெளி வடிவத்தை வெட்டி எடுப்பது) டைதான் ஜாப்பின் அளவு: டை 20.00, பஞ்ச் 19.80. பியர்சிங்கில் (ஓட்டை போடுவது) பஞ்ச்தான் ஓட்டையின் அளவு: பஞ்ச் 8.00, டை 8.20. இதைத் தலைகீழாகப் போட்டால் வாஷர் 20.2க்கு வரும், ஓட்டை 7.8க்குச் சுருங்கும். கிளியரன்ஸ் குறைந்தால் கட்டிங் எட்ஜ் சிதறும், கூடினால் பிசிறு நிற்கும். ஏன் என்று அவனே வரைந்து காட்டினால் தாராளமாக அனுப்புங்கள்.

சிஎன்சி பிறகு படிக்கலாம். மூன்று மாதத்தில் புரோகிராம் கோடு எழுத வரும், வெட்டும்போது வரும் சத்தத்தை வைத்து ஃபீடைக் (டூல் நகரும் வேகத்தை) குறைக்க வராது. இன்னொன்று: 10 மிமீ என்று நினைத்து, தசமப் புள்ளி வைக்காமல் எக்ஸ்10 என்று அடித்தால் பல ஃபானுக் கன்ட்ரோல்களில் அது 10 மைக்ரான்தான். டூல் நேராக ஜாப்புக்குள் பாயும்.

பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரும் வழியும் இருக்கிறது, அதையும் மனதில் வையுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
ரொம்ப நன்றி அண்ணே. தம்பி ஒன்று கேட்கச் சொன்னான். இரண்டு சென்டருக்கு நடுவே ஷாஃப்ட் கடைந்தால் ஹெட்ஸ்டாக் (லேத்தில் ஜாப்பைச் சுழற்றும் முனை) பக்கம் 40.00, டெயில்ஸ்டாக் (ஜாப்பைத் தாங்கும் எதிர் முனை) பக்கம் 40.06 வருகிறதாம். டூல் தேய்மானமா?

குடந்தை லேத்:
இல்லை தங்கச்சி. கட் டெயில்ஸ்டாக்கில் தொடங்கி ஹெட்ஸ்டாக்கில் முடிகிறது. தேய்மானம் என்றால் ஹெட்ஸ்டாக் பக்கம்தான் பெருத்திருக்கும். டெயில்ஸ்டாக் சென்டர் டூலை விட்டு 0.03 விலகி நிற்கிறது, விட்டத்தில் அது இரட்டிப்பாகத் தெரிகிறது.

டெயில்ஸ்டாக் பேரலின் பக்கவாட்டில் டயல் இண்டிகேட்டர் வைத்து, கிளாம்ப்பைத் தளர்த்தி, செட் ஸ்க்ரூவால் தான் நிற்கும் பக்கம் 0.03 நகர்த்தட்டும். கிளாம்ப் இறுக்கும்போது டயல் மறுபடி அசையும், இறுக்கிய பிறகு காட்டுவதுதான் கணக்கு. அப்புறம் 0.2 ஆழத்தில் ஒரு கட் ஓட்டி, ஜாப் ஆறியதும் இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரில் அளக்கட்டும்.