வெள்ளவத்தை பிளாட்டை மனைவி பேருக்கு எழுதிவிட்டார், என் காசு?

கெய்சர்வீதிக்காரன்:
புறக்கோட்டையில் எனக்குச் சாரம், சீத்தை மொத்தக் கடை. தெகிவளைக் கடைக்காரர் ஒருவருக்கு வருஷக்கணக்காகக் கடனுக்குச் சரக்குக் கொடுத்து வந்தேன். கடைசியாகத் தந்த பதினெட்டு லட்சத்துச் செக் மார்ச்சில் திரும்பிவிட்டது. காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்த்தால், அடுத்த வாரமே பிளாட்டை மனைவிக்கு நன்கொடை உறுதி எழுதியிருக்கிறார், சாகும்வரை இருந்து அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தனக்கு வைத்துக்கொண்டு! இன்றும் அங்கேதான் இருக்கிறார். பால்கனியில் காய்வது என் கடைச் சாரம். பொலிசில் "இது சிவில் விஷயம்" என்கிறார்கள். ஆளை உள்ளே தள்ள வழியே இல்லையா?

புதுக்கடை பழைய கிளார்க்:
இருக்கிறது தம்பி. கடன்காரருக்குக் கிடைக்காமல் சொத்தை ஒளிப்பதும், பொய்யாக உறுதி முடிப்பதும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 404 முதல் 407 வரையுள்ள பிரிவுகளில் குற்றம்தான். ஆனால் ஏமாற்றும் எண்ணத்தைச் சந்தேகமறக் காட்ட வேண்டும். மனைவி வந்து "என் சீதனக் காசில் வாங்கியது" என்றால் இழுபறிதான். ஆள் உள்ளே போனாலும் உமது காசு வராது.

மாவட்ட நீதிமன்றத்தில் பவுலியன் வழக்குப் போடும். ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்தது, உறுதியையே தள்ளுபடி செய்யலாம். இனாமாகக் கொடுத்ததென்றால் மனைவிக்குக் கடன் தெரியுமா என்று நிரூபிக்கத் தேவையில்லை. மிச்சச் சொத்து கடனுக்குப் போதாது என்று காட்டினால் சரி. மனைவி அதை வெளியாளுக்கு விற்றுவிட்டால்தான் தொல்லை, வாங்கியவரும் கூட்டுக்களவு என்று காட்ட வேண்டிவரும். அதனால் வழக்கு நிலுவையில் இருப்பதைப் பதிவகத்தில் பதிந்துவிடும்.

இன்னொன்று, கடை பில்லை வைத்து வழக்காடினால் ஒரு வருஷத்தில் காலாவதி. செக்குக்கு ஆறு வருஷம். அந்தச் செக்கைப் பத்திரமாக வையும்.

மட்டக்குளி நானா:
பிளாட்டை விடுங்க, கடையில இருந்த சரக்கு எங்க போச்சு? மச்சான்மார் ஸ்டோரைப் போய்ப் பாருங்க.

கெய்சர்வீதிக்காரன்:
சரியாகச் சொன்னீர்கள் நானா. ராத்திரி லொறியில் வத்தளைக்கு ஏற்றியிருக்கிறார்களாம், மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவர் பார்த்திருக்கிறார். தீர்ப்புக்கு முன்பே அதைப் பிடித்து வைக்க முடியுமா?

புதுக்கடை பழைய கிளார்க்:
முடியும், சிவில் நடவடிக்கைமுறைக் கோவை 653ஆம் பிரிவில். நீரும் பிணை கட்ட வேண்டும். சத்தியக் கடதாசியில் "சொத்தை ஒளிக்கிறார்" என்று மொட்டையாக எழுதாமல், லொறி வந்த தேதி, ஏற்றிய இடம், பார்த்த நாட்டாமை பேர் எல்லாம் போடும். அவரிடமும் ஒரு கடதாசி வாங்கும், ஊருக்குப் போவதற்குள்.