இண்டி ராக் கேட்கும் பதின்வயதினருக்கு ஒரு மாணவர் இசை இதழ்: என் அட்டையைப் பார்த்து மெட்டல் என்கிறார்கள்

அறுந்தகம்பி கேட்டது:

வணக்கம். எனக்கு 17 வயது. ஊடகப் பாடத்தின் செய்முறைக்காக ஒரு இசை இதழ் செய்துகொண்டிருக்கிறேன். அட்டை, உள்ளடக்கப் பக்கம், எதிரெதிர் இரண்டு பக்கங்களில் ஒரு பேட்டி என்று மொத்தம் நாலு பக்கம். படிக்கப்போகிறவர்கள் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்கள், இண்டி ராக் (பெரிய நிறுவனங்களைச் சாராத குழுக்களின் ராக் இசை) கேட்பவர்கள். இதழின் பெயர் ‘அறுந்த கம்பி’.

இதுவரை செய்ததைச் சொல்கிறேன். பின்னணி கறுப்பு. அதன்மேல் விரிசல் விட்ட சுவர் மாதிரி ஒரு டெக்ஸ்சர். ஓரங்களில் சிவப்பு மைத் தெறிப்பு. நடுவில் என் நண்பன் கிடாரை மாட்டிக்கொண்டு செங்கல் சுவரில் சாய்ந்து கேமராவை முறைக்கிறான். இதழின் பெயருக்கு உடைந்த மாதிரி எழுத்து வேண்டும் என்று தேடினேன், தமிழில் மனதுக்குப் பிடித்தது கிடைக்கவில்லை. அதனால் ஒரு தடித்த எழுத்துருவை எடுத்து அழிப்பான் கருவியால் அங்கங்கே சுரண்டிவிட்டேன். எட்டு செய்தித் தலைப்புகள், ‘இலவச போஸ்டர்’ என்று ஒரு வட்டம், பார்கோடு. எல்லாம் இருக்கிறது.

பெயரை மறைத்துவிட்டு வகுப்பில் ஐந்து பேரிடம் காட்டினேன். மூன்று பேர் ஹெவி மெட்டல் (உரத்த, ஆக்ரோஷமான ராக் வகை) என்றார்கள். ஒருத்தி பேய்ப்பட இதழா என்று கேட்டாள். இன்னொருவன் ஒன்றும் சொல்லவில்லை. இண்டி என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. வகுப்பில் இந்த இசை கேட்கும் ஒரே பெண் நான்தான். எனக்கு அவ்வளவு பிடித்த ஒன்றை மற்றவர்களுக்குக் காட்ட முடியவில்லையே என்று இரண்டு நாளாக வருத்தமாக இருக்கிறது.

என் சந்தேகங்கள்: இண்டி என்று பார்த்தவுடன் தெரிய என்ன வேண்டும்? எத்தனை எழுத்துரு வைக்கலாம் (இப்போது ஐந்து இருக்கிறது)? உள்ளடக்கப் பக்கம் கணக்கு அட்டவணை மாதிரி இருக்கிறது, என்ன செய்வது? பேட்டியைப் படத்தின் மேலேயே ஓட்டலாமா?

டிரம்ஸ்16:

அக்கா, எனக்கு 16. பள்ளி இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். நீங்கள் யாருக்காக இதழ் செய்கிறீர்களோ அந்த ஆள் நான்தான், அதனால் சொல்கிறேன்.

முறைக்கிற முகத்தைப் பார்த்தால் நான் இதழை எடுக்க மாட்டேன். எனக்குப் பிடித்த குழுக்களில் யாரும் என்னை முறைப்பதில்லை. பாடும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்கள், இல்லையென்றால் கீழே கிடாரின் ஒலியை மாற்றும் பெடலைப் பார்க்கிறார்கள். என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரே படம் ஒரு நிகழ்ச்சி முடிந்தபின் மேடைத் தரையை எடுத்தது. கையால் எழுதிய பாட்டு வரிசைத் தாள், அதை ஒட்டிய டேப், மேலே ஒரு ஷூ தடம். அதில் மூன்றாவது பாட்டை அடித்துவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறார்கள். அதை ஏன் அடித்தார்கள் என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

அப்புறம், எட்டு தலைப்பும் வேண்டாம் அக்கா. உள்ளே யாராவது சொன்ன ஒரு நல்ல வரி அட்டையில் இருந்தால் போதும்.

மைக்கறை:

பக்க வடிவமைப்புதான் எனக்குப் பிழைப்பு, பதினெட்டு வருஷமாக. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி.

உங்கள் அட்டையில் எனக்குத் தெரியும் கோளாறு ஒன்றுதான். அதில் இருக்கும் தேய்மானம் எதுவும் உங்களுடையது இல்லை. விரிசல் எங்கிருந்தோ இறக்கியது, மைத் தெறிப்பும் அப்படித்தான். நீங்கள் சுரண்டிய எழுத்து மட்டும் உங்கள் கைவேலை, ஆனால் அதுவும் வேறெதையோ பார்த்துச் செய்தது.

இண்டி என்பது முதலில் ஓர் ஒலியின் பெயர் இல்லை. பெரிய நிறுவனங்களைச் சாராத சிறு லேபிள்கள், அதாவது சிறு இசைத்தட்டு நிறுவனங்கள், வெளியிட்ட இசைக்குத்தான் அந்தப் பெயர் வந்தது. பிரிட்டனில் 1980 ஜனவரியில் அவற்றுக்கென்று தனி விற்பனைப் பட்டியலே தொடங்கினார்கள். 1986ல் என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசை வார இதழ் 22 குழுக்களின் பாடல்களை ‘சி86’ என்று ஒரு கேசட்டாக வெளியிட்ட பிறகு அது மெல்ல ஓர் ஒலியின் பெயராகவும் ஆனது. அந்த உலகத்துக்கு முகம் கொடுத்தவை ரசிகர்கள் தாங்களே செய்த சிறு இதழ்கள். 1976ல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற இளைஞர் ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்று ஒன்று தொடங்கினார். அது பங்க் ராக் இதழ், ஆனால் பின்னால் வந்த இண்டிச் சிற்றிதழ்கள் நடந்தது அந்த வழியில்தான். தட்டச்சு இயந்திரத்தில் அடித்த பத்திகள், ஃபெல்ட் பேனாவில் எழுதிய தலைப்பு, நகல் இயந்திரத்தில் பிரதி. அந்தக் கரடுமுரடு கையில் இருந்த கருவி விட்ட தடம். யாரும் அதைப் பூசவில்லை. 14 வயதுப் பிள்ளைக்கு இந்த வரலாறு தெரியாமல் இருக்கலாம், ஆனால் பூசியது எது, தானாக வந்தது எது என்று அதன் கண்ணுக்குத் தெரியும்.

அதனால் எழுத்தைச் சுரண்ட வேண்டாம். இதழின் பெயர் ‘அறுந்த கம்பி’. உண்மையிலேயே அறுந்த ஒரு கிடார் கம்பியை ஸ்கேனர் கண்ணாடிமேல் வையுங்கள். பெயரை நேரான, தடித்த, சுத்தமான எழுத்தில் போட்டுவிட்டு அந்தக் கம்பியை அதன் குறுக்கே ஓடவிடுங்கள். அட்டையில் அது ஒன்று மட்டும் அறுந்திருந்தால் போதும்.

சரி, கறுப்புக்கு வருகிறேன். கல்லூரியில் நான் முதன்முதலாகச் செய்த இதழில் நடுப்பக்கம் முழுக்கக் கறுப்பு, அதில் 8 புள்ளி (பாயின்ட்) அளவில் வெள்ளை எழுத்து. திரையில் கண்ணைப் பறித்தது. வண்ண அச்சின் நாலு மையையும் கலந்து அந்தக் கறுப்பை வைத்திருந்தேன். அச்சில் நாலு தட்டில் ஒன்று மயிரிழை விலகினாலும் வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வேறு நிறம் எட்டிப் பார்க்கும், பார்த்தது. தமிழ் எழுத்துக்கு அது இன்னும் ஆகாது. சுழிகளுக்குள் மை இறங்கி அடைத்துவிட்டது. ‘மணி’யா ‘மனி’யா என்று தெரியவில்லை. 200 பிரதிகள். பேட்டி கொடுத்த பையன் தன் சொந்த வார்த்தைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கப் பார்த்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நீண்ட எழுத்து எதையும் வெளிர் தாளில் கறுப்பு மை ஒன்றால் மட்டும் அச்சிடுங்கள். நிறம் வேண்டுமென்றால் இதழ் முழுக்க ஒரே ஒரு நிறம். கடுகு மஞ்சள், மங்கிய பச்சை, எதுவானாலும் சரி. ஆனால் ரத்தச் சிவப்பு கறுப்போடு சேர்ந்தால் மெட்டல்காரர்கள் கூப்பிடாமலே வந்துவிடுவார்கள்.

எழுத்துரு இரண்டு போதும். தலைப்புகளுக்குக் ‘கேட்டமரான்’ எடுத்துக்கொள்ளுங்கள். மெலிந்ததிலிருந்து மிகத் தடித்ததுவரை ஒன்பது கனங்களில் இருக்கிறது, அதனால் ஒரே எழுத்துருவே மூன்று வேலை பார்க்கும். பத்திகளுக்கு ‘முக்தா மலர்’ அல்லது ‘நோட்டோ செரிஃப் தமிழ்’. எல்லாம் இலவசம். ஓரக் குறிப்புகளுக்குக் கையெழுத்து வேண்டுமென்றால் எழுத்துரு தேடாமல் பேனாவால் எழுதி ஸ்கேன் செய்யுங்கள். பத்தி எழுத்து 10 புள்ளி, வரிக்கு வரி 15. ஆங்கில இதழ்களைப் பார்த்து 12 வைத்தால் மேல்வரியில் ‘று’வின் வாலும் கீழ்வரியில் ‘கீ’யின் மேல்விலங்கும் இடித்துக்கொள்ளும்.

ஏ4 தாளில் இருபுறமும் 15 மிமீ ஓரம், நடுவில் 6 மிமீ இடைவெளி விட்டால் 87 மிமீ அகலத்தில் இரண்டு பத்தி வரும். மூன்றாகப் பிரிக்காதீர்கள். நம் சொற்கள் நீளம், குறுகிய பத்தியில் இரு ஓரமும் சீராக இழுத்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். இடது ஓரத்தை மட்டும் சீராக வைத்தால் நல்லது. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்கிறீர்கள் என்றால் பாராகிராஃப் அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் (தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும்.

உள்ளடக்கப் பக்கம் பற்றி நீங்கள் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது, பலரும் அதைக் கடமைக்குச் செய்துவிட்டுப் போவார்கள். நெவில் பிராடி என்ற வடிவமைப்பாளர் ‘தி ஃபேஸ்’ என்ற பிரிட்டிஷ் இதழில் இருந்தபோது உள்ளடக்கப் பக்கத்தின் தலைப்புச் சொல்லை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே போனார். விடாமல் வாங்கியவர்களுக்கு அது பழகிய அடையாளம், புதியவர்களுக்கு வெறும் வடிவம். நான் உங்களிடமிருந்து சிதைவைக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்துக்கும் அவர் ஒரு யோசனை வைத்திருந்தார் என்பதைத்தான் சொல்கிறேன். உங்களுக்கான யோசனையை மேலே டிரம்ஸ் தங்கச்சியே கொடுத்துவிட்டாள். கையால் எழுதிய பாட்டு வரிசைத் தாளாகவே அதைச் செய்யுங்கள். பாட்டு இருக்கும் இடத்தில் கட்டுரைத் தலைப்பு, பக்கத்தில் பக்க எண்.

படத்தின் மேல் பேட்டியை ஓட்டாதீர்கள். டேவிட் கார்சன் என்ற வடிவமைப்பாளர் 1994ல் ‘ரே கன்’ என்ற அமெரிக்க இசை இதழில் ஒரு பேட்டி சலிப்பூட்டியதென்று அதை முழுக்க முழுக்கக் குறியீட்டு எழுத்துருவில் போட்டார். ஒரு வார்த்தை படிக்க முடியாது. எல்லாரும் சொல்லும் கதை அது. ஆனால் அதே பேட்டியைப் படிக்கிற எழுத்தில் இதழின் பின்பக்கத்தில் மறுபடி கொடுத்திருந்தார்கள் என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. உங்கள் பேட்டி சலிப்பூட்டாதது என்று நினைக்கிறேன், அப்படியென்றால் அதைப் படிக்க விடுங்கள்.

ஒற்றைவிளக்கு:

படத்தைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. செங்கல் சுவரை விட்டுவிட்டு, நண்பர் நிஜமாகப் பயிற்சி செய்யும் அறைக்கே போங்கள். பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் ஒன்று போதும், ஃப்ளாஷ் வேண்டாம். ‘போஸ் கொடு’ என்று கேட்காமல் கம்பியை ட்யூன் பண்ணச் சொல்லுங்கள். ட்யூன் பண்ணும்போது எல்லாருக்கும் தலை தானாகச் சாயும், காது கிடாரிடம் போகும், முகம் தன்னை மறந்துவிடும். அந்த நேரத்தில் எடுங்கள். தலைக்கு மேலே இதழின் பெயருக்கு இடம் விட்டு, கேமராவை நெட்டாகப் பிடித்து எடுங்கள்.

அச்சடித்தபின் வெட்டிவிடும் ஓரம் சுற்றிலும் 3 மிமீ சேர்த்தால் ஏ4 அட்டைக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏறக்குறைய 2551க்கு 3579 பிக்சல் வேண்டும். 3000க்கு 4000 எடுக்கும் போன் கேமராவே தாராளம், ஆனால் ஜூம் பண்ணாமல் பக்கத்தில் போய் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் பயன்படுத்தாதீர்கள், அது சுருங்கி வந்திருக்கும். நண்பருக்கு 18 ஆகவில்லையென்றால் அவர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுந்தகம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று முழுக்க இதே வேலைதான்.

வீட்டில் அறுந்த கம்பிகள் மூன்று இருந்தன, தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்தேன். கிடாரின் முதல் கம்பியை ஸ்கேன் செய்தால் தலைமயிர் மாதிரி மெல்லியதாக விழுந்தது. கிடாரின் நாலாவது கம்பி சுற்றுக்கம்பி, அதுதான் சரியாக வந்தது. அறுந்த நுனியில் சுற்று பிரிந்து சுருளாக நிற்கிறது, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. விரல் அழுத்தி அழுத்திக் கறுத்த இடங்கள்கூட 600 டிபிஐயில் அப்படியே விழுந்திருக்கின்றன. ‘ம்’ எழுத்தின் புள்ளியிலிருந்து அதைத் தொங்கவிட்டிருக்கிறேன். முதலில் பெயரின் குறுக்கே ஓட்டிப் பார்த்தேன் அண்ணா, ‘கம்பி’ என்பதை அடித்துவிட்ட மாதிரி தெரிந்தது, அதனால் மாற்றினேன்.

படமும் மறுபடி எடுத்தேன். நண்பன் ட்யூன் பண்ணும்போது கீழுதட்டைக் கடிப்பான் என்று இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியாது. அதுதான் இப்போது அட்டை. செய்தித் தலைப்பு மூன்றுதான். பெரிதாக இருப்பது அவன் பேட்டியில் சொன்ன வரி: “பாடத் தெரியாததால்தான் முதலில் கிடாரைத் தொட்டேன்.”

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பேட்டிக்கு இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு பெரிய படம் வைத்தேன். அச்சிட்டு மடித்தால் முகம் சரியாக நடு மடிப்பில் போய் விழுகிறது. படத்தைச் சின்னதாக்கட்டுமா?

மைக்கறை:

புள்ளியிலிருந்து தொங்கவிட்டது நான் சொன்னதைவிட நல்ல யோசனை. அப்படியே வையுங்கள்.

படத்தைச் சின்னதாக்க வேண்டாம், நகர்த்துங்கள். முகம் முழுக்க இடது பக்கத்தில் இருக்கட்டும், கிடாரின் கழுத்து மட்டும் மடிப்பைத் தாண்டி வலது பக்கத்துக்குப் போகட்டும். கழுத்து நீளமான கோடு, மடிப்பில் இரண்டு மில்லிமீட்டர் போனாலும் கண் அதைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். முகத்தில் அவ்வளவு போனால் மூக்கே போய்விடும். கழுத்து முடியும் இடத்துக்குக் கீழே பேட்டியைத் தொடங்குங்கள், கண் தானாக அங்கே இறங்கும்.

எதைச் செய்தாலும் அசல் அளவில் அச்சிட்டு, மடித்து, நடுவில் பின் அடித்துக் கையில் வைத்துப் பாருங்கள். நாலு பக்கத்தோடு நிறுத்தாமல் பின்னால் வளர்த்தால் எட்டு, பன்னிரண்டு என்று நாலு நாலாகத்தான் கூட்ட முடியும், பின் அடித்த இதழில் ஒரு தாள் மடிந்தால் நாலு பக்கம். முடித்ததும் அந்த ஐந்து பேரிடம் பெயரை மறைத்து மறுபடி காட்டுங்கள். அப்போது ஒன்றும் சொல்லாத பையன் இப்போது என்ன சொல்கிறான் என்று இங்கே வந்து எழுதுங்கள்.