முதல் தடவை டூம் மெட்டல் (மெதுவான, கனமான ராக் இசை) கேட்ட அனுபவம்: எழுதுங்க

குலசேகரம்:
எங்க அண்ணன் சர்ச் கொயரில் கிட்டார் வாசிச்சவன். ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலரில் இடது கை மாட்டி இரண்டு விரல் நுனி போச்சு. கிட்டார் மச்சுக்குப் போனது. அடுத்த மழைக்காலம் பாறசாலை நண்பன் தந்த பென்டிரைவில் பிளாக் சபாத் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 1970 முதல் ஆல்பம். எல்லோருக்கும் தெரிஞ்ச தொடக்கம்தான்: மழை, மணி, அப்புறம் அந்த மூணு சுரம். எங்க ஓட்டுக் கூரையிலும் மழை. எது பாட்டு மழை, எது எங்க மழை என்று பிரியவில்லை. அண்ணன் வந்து வாசலில் நின்றான். "இதை வாசிக்கிற டோனி அயோமிக்கும் பதினேழு வயசில் பர்மிங்காம் தகட்டு ஆலையில் விரல் நுனி போச்சு" என்றேன்.

"எந்த விரல்?"

"நடுவிரல், மோதிர விரல்."

தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டான். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்னும் உறுத்துகிறது. அந்தச் சுரத்தைப் பிசாசின் சுரம் என்பார்கள். அன்றைக்கு நம்பினேன்.

செங்கோட்டை:
பிசாசெல்லாம் இல்லைங்க. ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம். அதே மத்யமம்தான் கல்யாணி ராகத்திலும். கல்யாணி கேட்டு யார் பயந்தார்கள்? ஒரு அடி விழுந்து அடுத்த அடி வரும்வரை மூச்சைப் பிடிச்சுக் காத்திருக்கிறோமே, பயம் அங்கேதான் இருக்கு. ஆரியங்காவு தாண்டி ஒரு கோவிலில் பஞ்சாரி மேளம் என்கிற கேரளச் செண்டை மேளத்தின் பதிகாலம், அதாவது மெதுவான முதல் கட்டம், கேட்டேன். ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், அவசரமே இல்லை. நெஞ்சில் அதே கனம்.

வாளையார்:
பஞ்சாரி மேளம் பதிகாலத்தின் 96-இல் தொடங்கி 48, 24, 12 என்று 6 வரை வந்து வெறிகொண்ட வேகத்தில் முடியும். சபாத்தின் அந்தப் பாட்டும் கடைசியில் ஓட்டம் பிடிக்கும். ஆனால் பின்னால் வந்த செயின்ட் வைட்டஸ், கேண்டில்மாஸ் மாதிரி டூம் குழுக்கள் எல்லாம் அந்த மெதுவான பாதியைத்தான் எடுத்து வளர்த்தார்கள். நான் முதலில் கேட்டது செக்போஸ்ட் லாரி வரிசையில், ஹெட்போனில். அவ்வளவுதான்.

குலசேகரம் நண்பரே, அண்ணனிடம் கிட்டாரை எடுத்துக் கொடுங்க. அயோமி சோப்புத் திரவப் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய கம்பி போட்டார். 1971 ஆல்பத்தில் சுருதியையும் மூன்று ஃப்ரெட் (கிட்டார் கழுத்திலுள்ள மெட்டு) அளவு இறக்கினார். கம்பி தளர்ந்தால் அழுத்துவது சுலபம், சத்தமும் கனக்கும். முதலில் ஒரு ஃப்ரெட் அளவு மட்டும் இறக்கிப் பாருங்க. பழைய செருப்புத் தோல் வேண்டாம், தடிப்பு. பையின் உள்தோல் போதும்.

குலசேகரம்:
போன வருஷம் தோல் சுற்றிக் கொடுத்தேன். வலி இல்லையாம். விரல் கம்பிமேல் இருக்கா இல்லையா என்றே தெரியலைடா என்றான்.