புதுப்பிப்பு: ஒடிசி முழுவாசிப்பு ஒரே நாளில் முடிந்தது

இங்கிலாந்தில் நான் பயிலும் கிரேக்க, இலத்தீன் செவ்வியல் துறையில், ஹோமரின் பழங்கிரேக்கக் காவியமான ஒடிசியை ஒரே நாளில் முறைவைத்து உரக்க வாசித்து முடிக்க இயலுமா என்று சென்ற மாதம் இங்குக் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. காலை 7 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணிக்கு முடித்தோம்.

காண்டத்துக்கு ஒருவர் என்ற என் திட்டத்தைக் கைவிட்டு, 200 அடிக்கு ஒருவர் எனப் பிரிக்கச் சொன்ன யோசனையே கைகொடுத்தது. நான்காம் காண்டம் 847 அடிகள், ஆறாம் காண்டமோ 331 அடிகளே என்பதால், பழைய திட்டப்படி ஒருவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். சுமார் 12,100 அடிகள் 61 பங்குகளாயின. பங்குக்கு ஏறத்தாழ 13 நிமிடம் பிடித்தது. மூலத்தின் அடியெண்களோடு ஒத்துச்செல்லும் மொழிபெயர்ப்பு கையில் இருந்தால்தான் இம்முறை நடக்கும். உரைநடைப் பெயர்ப்பு உதவாது.

நான் எதிர்பாராதது ஒன்று: கிரேக்க மூலத்திலேயே வாசிப்போம் என்று நின்ற நால்வர் இருமடங்கு நேரம் எடுத்துக்கொண்டதால், இடைவேளைகளைச் சுருக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று, 17ஆம் காண்டத்தில், இருபது ஆண்டுக்குப் பின் தன் தலைவனும் காவிய நாயகனுமான ஒடிசியஸைக் கண்டதும் கிழநாய் ஆர்கோஸ் உயிர்விடும் பகுதியை எங்கள் கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர் தாமே கேட்டு வாங்கி வாசித்தார். அப்போது மட்டும் தேநீர்க் கோப்பைகளின் ஓசைகூட எழவில்லை.